மாமாவின் குளத்துக்குப் போகும் தண்ணீர்

விடிய ஐந்து மணிக்கெல்லாம் இறால் குளத்தில் தீன் தட்டைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவைத்திருக்கும் வலைத்தட்டு அது. இரவு போட்ட தீன் தீர்ந்திருந்தால் இறால் சுகமாக இருக்கிறது. தீன் அப்படியே கிடந்தால் பண்ணைக்காரரின் வயிறு கலங்கும். குளக்கட்டைச் சுற்றி நடந்து ஓரத் தண்ணீரை உற்றுப் பார்ப்பார். சுகமான இறால் அடியில் கிடக்கும். நோய் பட்டதுதான் ஓரத்துக்கு வந்து சோர்ந்து நீந்தும். ஒன்றைப் பிடித்துத் தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஓட்டில் மாத்தூளைத் தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதற்குமேல் சந்தேகமில்லை. மூன்றிலிருந்து பத்து நாட்களுக்குள் குளத்தில் உள்ளதெல்லாம் செத்துவிடக்கூடும்.

அன்றைக்கே வலையிட்டு, உயிரோடு இருப்பதைப் பிடித்து விற்கலாம். வெள்ளைப்புள்ளி நோய் மனிதரை ஒன்றும் செய்யாது. நான்கு மாதம் வளர வேண்டிய இறாலை இரண்டு மாதத்தில் பிடித்தால் கிடைக்கிற விலை தீனுக்குப் பட்ட கடனுக்கும் காணாது. அது வேறு கதை. பிடித்தபின் மிஞ்சுவது தண்ணீர். வைரசு நிறைந்த அந்தத் தண்ணீரைக் குளோரின் போட்டு, மதகைத் திறக்காமல் அடைத்து வைத்திருக்க வேண்டும். அதற்குக் காசும் நாளும் செலவாகும். இன்னொரு வழியும் இருக்கிறது. இரவில் மதகுப் பலகையை உருவிவிட்டால் விடிவதற்குள் குளம் வடிந்து, தண்ணீர் ஒல்லாந்தர் கால்வாயில் கலந்துவிடும். யாரும் பார்க்கப் போவதில்லை.

இலங்கையின் மேற்குக் கரையில் சிலாபம் களப்பிலிருந்து முந்தல் களப்பு வழியாகப் புத்தளம் களப்பு வரை போகும் அந்தக் கால்வாய்தான் இந்தக் கரையின் இறால் குளங்களில் பலவற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது. கழிவு நீரை வாங்கிக்கொள்வதும் அதுதான். ஒரு பண்ணை வெளியே விட்டதை அடுத்த பண்ணை பம்ப் வைத்து உள்ளே இழுக்கும்.

வணிகம் படிக்கும் பிள்ளைகள் அறச் சிக்கல்களை எப்படி யோசிக்கிறார்கள் என்பது உலகமெங்கும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் கேள்வி. வட அமெரிக்க ஆய்வுகளில் வருகிற மருந்துக்கடை, கார்க் கம்பனி, பனிப்புயல் உதாரணங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மதகுப் பலகைதான் நினைவுக்கு வரும். அந்த ஆய்வுகள் கண்டதையும் காணத் தவறியதையும் இந்தக் கால்வாயின் கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

உயர்தர வகுப்பில் கொமர்ஸ் படிக்கும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். இரண்டு விதமாகக் கேட்டேன். முதல் நாள் கரும்பலகையில் கணக்காகப் போட்டேன்: குளோரின் செலவு இவ்வளவு, குளம் சும்மா கிடப்பதால் வரும் நட்டம் இவ்வளவு, பிடிபட்டால் அபராதம் இவ்வளவு, பிடிபடும் வாய்ப்பு பத்தில் ஒன்று, பண்ணைக்காரர் என்ன தீர்மானம் எடுக்க வேண்டும்? பிள்ளைகள் கொப்பியைத் திறந்து கணக்குப் பார்த்தார்கள். "அபராதத்த பத்தால பிரிச்சாக் குளோரின் செலவ விடக் குறைவு சேர், தொறந்து விடுறதுதான் லாபம்" என்று ஒரு பையன் முதலில் சொன்னான். விடை சரி. வகுப்பில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே வகுப்பில் கரும்பலகையில் கால்வாயை வரைந்தேன். முந்தல், மதுரங்குளி, கொத்தாந்தீவு என்று கரையோர ஊர்களைக் குறித்தேன். எண் எதுவும் எழுதவில்லை. நோய் கண்ட ஒரு குளத்தில் புள்ளி வைத்துவிட்டு, "இவர் இரவைக்கு என்ன செய்வார்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அந்தத் தண்ணிய அடுத்த நாள் எங்கட மாமாதான் இழுப்பாரு" என்றாள்.

இதை ஆய்வு என்று நான் சொல்லமாட்டேன். ஒரே வகுப்பு, நான் கேட்ட விதத்திலேயே விடைக்கான சாய்வும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு நாட்களுக்கு இடையில் பிள்ளைகளின் குணம் மாறிவிடவில்லை. மாறியது கேள்வியின் சட்டை மட்டும்தான். அதற்குப் பிறகுதான் இந்தத் துறையின் ஆய்வுகளை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன்.

இந்த ஆராய்ச்சியின் வேர் லோரன்ஸ் கோல்பேர்க் 1958இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் இருக்கிறது. சாகக் கிடக்கும் மனைவிக்கு மருந்து வாங்கக் காசில்லாத ஒருவன் மருந்தைத் திருடலாமா என்று அவர் சிறுவர்களிடம் கேட்டார். 'ஆம்', 'இல்லை' என்ற விடை அவருக்கு முக்கியமாக இருக்கவில்லை. அதற்குச் சொல்லும் காரணமே முக்கியம். தண்டனைக்குப் பயந்து அல்லது தன் லாபத்துக்காக யோசிப்பது அடிப்படி. சுற்றியுள்ளவர் மெச்ச, அல்லது சட்டம் சொல்வதால் செய்வது நடுப்படி. யாராக இருந்தாலும் பொருந்தும் நியாயத்தைத் தேடுவது மேற்படி. மினசோட்டாவில் ஜேம்ஸ் ரெஸ்ட் இதை எழுத்துத் தேர்வாக மாற்றினார். ஒவ்வொரு கதைக்கும் பன்னிரண்டு காரணங்களைக் கொடுத்து, எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொல்லும் தேர்வு அது. மேற்படிக் காரணங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்பதை வைத்துப் புள்ளி. அதன்பின் பல்கலைக்கழக மாணவர்களைத் துறைவாரியாக அளப்பது எளிதாயிற்று. வணிகப் பிரிவினர் பல ஆய்வுகளில் மற்றத் துறையினரைவிடக் குறைந்த புள்ளியே எடுத்தார்கள்.

பொருளியல் மாணவர்கள் பற்றி இதைவிடக் கடுமையான செய்தி வந்தது. விஸ்கொன்சினில் ஜெரால்ட் மார்வெல், ரூத் ஏம்ஸ் இருவரும் ஒரு பொதுநிதி விளையாட்டு நடத்தி, முடிவை 1981இல் வெளியிட்டார்கள். கையில் கொடுத்ததில் எவ்வளவை எல்லாருக்கும் பயன்படும் பொதுப் பெட்டியில் போடுவீர்கள், எவ்வளவை உங்களுக்கென்று வைப்பீர்கள் என்பதுதான் விளையாட்டு. மற்றவர்கள் ஏறக்குறைய பாதியைப் பொதுப் பெட்டியில் போட்டபோது, பொருளியல் பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத்தான் போட்டார்கள். எது நியாயமான அளவு என்று கேட்டதற்கு அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் விடை சொல்லவில்லை, அல்லது வகைப்படுத்த முடியாத சிக்கலான விடை சொன்னார்கள். தொகையைவிட எனக்கு இந்தச் செய்திதான் பாரமாக இருக்கிறது. 'நியாயம்' என்ற சொல்லைக் கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியிருக்கிறார்கள்.

இதை வைத்து, கொமர்ஸ் படித்தால் மனம் கெட்டுப்போகும் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் இன்னோர் ஆய்வையும் பார்க்க வேண்டும். 1996இல் வெளியான அந்த ஆய்வுக்காக வாஷிங்டனில் ஏசர், கோல்ட்ஃபார்ப், பொப்பன் ஆகியோர் வகுப்பறைகளில் பத்து டொலர் காசோடு முகவரி எழுதி முத்திரை ஒட்டிய கடிதங்களைத் தவறவிட்டாற்போலப் போட்டுவைத்தார்கள். பொருளியல் வகுப்புகளில் கிடந்தவற்றில் 56 சதவீதம் காசோடு உரியவருக்குப் போய்ச் சேர்ந்தன. மற்ற வகுப்புகளில் அது 31 சதவீதம். விளையாட்டில் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டவர்களின் துறையைச் சேர்ந்த பிள்ளைகள்தான், தரையில் கிடந்த உறையை எடுத்துத் தபாலில் போட்டிருக்கிறார்கள். அந்த உறையில் ஒரு மனிதரின் பெயர் எழுதியிருந்தது.

ஆகவே 'இந்தப் பிள்ளைகளுக்கு அறம் இருக்கிறதா, இல்லையா' என்று கேட்பது வீண் என்றே நினைக்கிறேன். எந்தக் கேள்வியை அறக் கேள்வி என்று அடையாளம் காணுகிறார்கள், எதைக் கணக்கு என்று ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

உப்பை எடுத்துக்கொள்வோம். பாலாவிப் பக்கம் போகிறவர்களுக்கு உப்பளப் பாத்திகள் பழகிய காட்சி. களப்புத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிட்டு எடுப்பது. பருவம் தப்பி மழை பெய்தால் விளைந்த உப்பும் கரைந்துபோகும். 2025இல் மழை உப்பளங்களைக் கெடுத்து நாடெங்கும் உப்புத் தட்டுப்பாடு வந்தது. கடல் சூழ்ந்த நாட்டுக்கு இந்தியாவிலிருந்து உப்பு இறக்க வேண்டியதாயிற்று. அப்படியான நாளில் பழைய விலைக்கு வாங்கிவைத்த உப்புப் பைக்கற்றைக் கடைக்காரர் புதிய விலைக்கு விற்பது நியாயமா?

இதே கேள்வியை உப்புக்குப் பதில் பனியள்ளும் மண்வெட்டியை வைத்து டேனியல் கானமன், ஜாக் நெச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கனடாப் பொதுமக்களிடம் கேட்டார்கள். பனிப்புயலுக்கு மறுநாள் காலை 15 டொலர் மண்வெட்டியைக் கடைக்காரர் 20 டொலருக்கு விற்கிறார். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். பின்னாளில் தேலர் தன் எம்.பி.ஏ. மாணவர்களிடம் அதைக் கேட்டபோது விடை தலைகீழானது: 76 சதவீதம் பேர் 'தவறில்லை' என்றார்கள்.

மாணவர்கள் சொன்ன நியாயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. விலை ஏறினால்தான் தேவை அதிகம் உள்ளவருக்குப் பொருள் போய்ச் சேரும், பதுக்கல் குறையும், மேலும் சரக்கு வரும் என்று பொருளியல் புத்தகம் சொல்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பொதுமக்களும் பொருளியல் தெரியாமல் பேசவில்லை. அந்தக் கடைக்காரரை அவர்கள் நாளைக்கும் பார்க்க வேண்டும். புத்தளத்துக் கடைத்தெருவில் கடன் கொப்பி வைத்துச் சாமான் வாங்கும் குடும்பத்துக்குத் தெரியும், இல்லாத நாளில் ஒருவர் எப்படி நடந்தார் என்பது இருக்கிற நாளிலும் நினைவில் நிற்கும். மாணவர்கள் அந்த வியாபாரத்தை ஒற்றை நாள் கொடுக்கல் வாங்கலாகப் பார்த்தார்கள். மக்கள் அதை ஓர் உறவின் நடுப்பக்கமாகப் பார்த்தார்கள். இருவருக்கும் முன்னால் இருந்தது ஒரே மண்வெட்டி.

கணக்கீட்டுப் பாடத்தில் நாங்கள் முதலில் கற்பிப்பதே எல்லைக்கோடு போடுவதுதான். வணிகம் வேறு, உரிமையாளர் வேறு. வணிகத்துக்குள் நடப்பதை மட்டும் பதி. அந்தக் கோடு இல்லாமல் கணக்கே வைக்க முடியாது. பொருளியல் பாடத்தில் கோட்டுக்கு வெளியே போய் விழும் பாதிப்புக்கு வெளிவாரி விளைவு என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரே ஒரு தீர்ப்பு மாதிரி எனக்குப் படுகிறது. யாருக்கு வெளியே? மதகைத் திறந்தவருக்கு அது வெளியே. மறுநாள் பம்பைப் போட்டவருக்கு அதுதான் உள்ளே வருகிறது. வணிகக் கல்வியில் சமூகப் பொறுப்பு, ஒழுக்கநெறி என்ற தலைப்புகளும் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்து புள்ளி எடுக்கிறார்கள். இலாபக் கணக்கு ஒரு கொப்பியில், ஒழுக்கநெறி இன்னொரு கொப்பியில். நடுவில் யாரும் பாலம் போடுவதில்லை.

கொல்கத்தாவில் பிறந்து, லண்டனில் முகாமைத்துவம் கற்பித்த சுமந்திர கோஷால் இறந்ததற்கு மறு ஆண்டு, 2005இல், வெளியான கட்டுரையில் இதை நேராகச் சொன்னார். மனிதன் தன்னலத்தால் மட்டுமே இயங்குகிறான் என்ற அனுமானத்தின் மேல் கட்டிய கோட்பாடுகளைக் கற்பித்துக்கொண்டு, மாணவர்களை அறப் பொறுப்பிலிருந்து நாமே விடுவித்துவிட்டோம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வெளியே நின்று கல்லெறிந்தவரல்ல அவர். அந்தத் துறையின் உச்சியில் இருந்தவர்.

கோஷால் கோட்பாட்டைப் பற்றிச் சொன்னதை டெனிஸ் ஜியோயா தன் வாழ்க்கையை வைத்துச் சொன்னார். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது அவர் 1992இல் எழுதிய கட்டுரைதான். 1972இல் இளைஞராக ஃபோர்ட் கம்பனியில் சேர்ந்தவர். மறு ஆண்டே, குறையுள்ள கார்களைத் திரும்ப அழைப்பதைக் கவனிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பின்டோ என்ற சின்னக் காரின் எரிபொருள் தாங்கி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. மெதுவான வேகத்தில் பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதினாலே தீப்பிடிக்கக்கூடிய அமைப்பு. அறிக்கைகள் அவர் மேசைக்கு வந்தன. எரிந்துபோன பின்டோ ஒன்றைக் கம்பனியின் கிடங்கில் கண்ணால் பார்த்தார். பிறகும், திரும்ப அழைக்கத் தேவையில்லை என்று வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர். 1978இல்தான் 15 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கு முன்பே அவர் வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்துத் தன்னையே வழக்காக எடுத்து வகுப்பில் நடத்தினார்.

'என் மனச்சாட்சியை அடக்கிவிட்டு வாக்களித்தேன்' என்று அவர் சொல்லியிருந்தால் அது சாதாரணக் கதையாகப் போயிருக்கும். அவர் சொன்னது அதைவிடக் கவலை தருவது: அந்த நேரத்தில் அது அறக் கேள்வியாகவே தனக்குத் தோன்றவில்லை என்றார். நாளொன்றுக்கு எத்தனையோ குறை அறிக்கைகள். எவற்றைக் கவனிப்பது, எவற்றைத் தள்ளுவது என்பதற்கு மனம் ஒரு தடம் போட்டு வைத்திருந்தது. எண்ணிக்கை அதிகமா, காரணம் தெளிவா என்று அந்தத் தடம் கேட்டது. 'ஆட்கள் எரிந்து சாகிறார்களே' என்ற கேள்விக்கு அதில் இடமே இருக்கவில்லை. அவர் கெட்டவரல்ல. தானும் ஒரு பின்டோ வைத்திருந்தவர். அறுபதுகளின் இளைஞராக, பெரிய கம்பனிகளின் போக்கைக் குறை சொன்னவர், உள்ளே போய்த் திருத்துவேன் என்று போனவர்.

ஜேம்ஸ் ரெஸ்ட் தன் எழுத்துத் தேர்வின் குறையைத் தானே உணர்ந்தவர். 1980களில் அவர் அறச் செயலை நான்காகப் பிரித்தார்: இங்கே ஓர் அறப் பிரச்சினை இருக்கிறது என்று காண்பது, எது சரி என்று தீர்ப்பது, மற்ற ஆசைகளுக்கு மேலாக அதை வைப்பது, செய்து முடிக்கும் உறுதி. அவருடைய தேர்வு அளந்தது இரண்டாவதை மட்டும். தேர்வுத்தாளில் கதை வரும்போதே 'இது அறச் சிக்கல்' என்ற அடையாளத்தோடு வந்துவிடுகிறது. வாழ்க்கையில் அப்படி வருவதில்லை. ஜியோயாவுக்கு அது கோப்பாக வந்தது. பண்ணைக்காரருக்குக் கடன் தவணையாக வரும். என் மாணவர்களுக்கு முதல் நாள் அது கணக்காக வந்தது.

ஆன் டென்பிரன்செல், டேவிட் மெசிக் இருவரும் 1999இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்தக் கால்வாய்க் கரைக்கென்றே எழுதியது போலிருக்கும். பங்கேற்றவர்களைத் தொழிற்சாலை முகாமையாளர்களாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கருவியை ஓடவிடுவதாகத் தொழில்துறை முழுவதும் ஒப்பந்தம், ஓடவிட்டால் செலவு. ஒரு குழுவுக்கு மீறினால் தண்டனை எதுவும் இல்லை. இன்னொரு குழுவுக்குச் சிறிய அபராதம், பிடிபடும் வாய்ப்பும் குறைவு. சிறிய அபராதம் இருந்த குழுவில்தான் ஒப்பந்தத்தை மீறியவர்கள் அதிகம். தண்டனை இல்லாதபோது பலர் அதை 'சரியா, தவறா' என்று யோசித்தார்கள். அபராதம் என்று ஒன்று வந்ததும் அது 'கட்டுபடியாகுமா' என்ற வியாபாரக் கேள்வியாக மாறிவிட்டது. நான் கரும்பலகையில் 'பத்தில் ஒன்று' என்று எழுதியபோது செய்ததும் அதுதான். அபராதத்தை எழுதிய கையே அறத்தை அழித்துவிட்டது. இதை உணர்ந்த நாளில் எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தக் கரை இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் பெரிய கம்பனிகளோடு வந்த இறால் வளர்ப்பு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை பரவியது. கண்டல் காடுகளை வெட்டிக் குளம் தோண்டினார்கள். தென்னந்தோட்டக்காரரும் மீன்பிடிகாரரும் கடன் வாங்கி இறங்கினார்கள். ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியே பார்த்தால் லாபக் கணக்குத்தான். கால்வாயின் கணக்கை மட்டும் யாரும் வைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் கண்டறியப்பட்ட வெள்ளைப்புள்ளி வைரசு 1996இல் இங்கே வந்தபோது, ஒருவர் குளத்திலிருந்து அடுத்தவர் குளத்துக்கு அதைச் சுமந்து போனது எல்லாரும் நம்பியிருந்த அதே தண்ணீர்தான். பண்ணைகளில் பெரும்பாலானவை முடங்கின. வெறுமையாகக் கிடக்கும் குளங்களை இன்றும் அந்த வீதிகளில் போகும்போது பார்க்கலாம். உப்பேறிய அந்த மண்ணில் தென்னையும் வராது, கண்டலும் இலேசில் திரும்பாது.

அந்த நட்டத்தில் தண்ணீரை அடைத்து வைத்தவரும் இருந்தார், திறந்து விட்டவரும் இருந்தார். வைரசு இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் யோக்கியமாக இருப்பதால் பலனில்லாத இடத்தில் அவரிடம் யோக்கியத்தை எப்படிக் கேட்பது? கோல்பேர்க்கின் படிகளில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. அவருடைய மனிதன் எப்போதும் தனியாக நின்று தீர்மானிக்கிறான்.

விடை வந்தது ஒரு நாட்காட்டி வடிவத்தில். நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான அதிகாரசபை ('நக்டா' என்றால்தான் பண்ணைக்காரருக்கு விளங்கும்) 2004 முதல் பண்ணையாளர் சங்கங்களோடு சேர்ந்து பயிர் நாட்காட்டி முறையைக் கொண்டுவந்தது. தண்ணீர்த் தொடர்பைப் பார்த்துக் கரையை வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரித்தார்கள். எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம், எப்போது குளத்தைக் காயப்போட வேண்டும் என்று கூடிப் பேசித் தேதி குறித்தார்கள். ஒரு வலயத்துக்குள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுவது, கால்வாய் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரே பருவத்தில் குளங்களை இறக்காமலிருப்பது, பொரிப்பகத்துக் குஞ்சை நோய்ச் சோதனை செய்து வாங்குவது, நோய் கண்டால் சங்கத்துக்குச் சொல்வது. எரங்க கலப்பத்தி, ஃபிக்ரெட் பெர்க்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கொத்தாந்தீவு, கரம்பை, அம்பகந்தவில ஆகிய ஊர்களின் சங்கங்களை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். ஒவ்வொரு குளமும் தனியார் சொத்து. ஆனால் தண்ணீர் பொதுச் சொத்து என்பதால் தனியார் குளங்களைப் பொதுவாக நிர்வகிக்கும் அமைப்பை அந்த ஊரார் உருவாக்கியிருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நோய் அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் நோய் வந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது.

பொதுச் சொத்தை மக்களே கட்டியாளலாம் என்று காட்டியதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், 1990இல் வந்த தன் நூலில் இலங்கையின் தெற்கிலுள்ள மாவெல்லக் கரைவலைக்காரரைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டினார். முறைவைத்து வலை போடும் நல்ல ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. ஆனால் புதிய வலைகள் வந்து சேர்வதை அவர்களால் நிறுத்த முடியவில்லை. வலை கூடக்கூட ஒருவருக்கு முறை வருவதே அரிதானது. உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலை இழுக்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையிராது. இறால் குளம், கரைவலைப் பாடு, உப்பளத்து வாய்க்கால் என்று வணிக மாணவருக்கு வேண்டிய பாடங்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, பனியையே பார்த்திராத பிள்ளைக்கு ஏன் மண்வெட்டிக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அந்தப் பிள்ளை சொன்ன மாமாவுக்கு வருகிறேன். கோல்பேர்க்கின் அளவுகோலில் அவளுக்கு நடுப்படிக்குமேல் கிடைக்காது. உறவுக்காரர் பாதிக்கப்படுவார் என்பது பொது நியாயமல்லவே. கரோல் கில்லிகன் 1982இல் இதற்குத்தான் மறுப்பு எழுதினார். யார் யாரோடு எப்படிப் பிணைந்திருக்கிறார், யாருக்கு வலிக்கும் என்று தொடங்கும் யோசனையைக் கீழ்ப்படி என்று தள்ளுவது அளவுகோலின் பிழை என்றார். 1991இல் தோமஸ் ஜோன்ஸ், ஒரு பிரச்சினை எவ்வளவு அழுத்தமாக மனத்தில் தைக்கும் என்பதை நிர்ணயிப்பவற்றில் அண்மையையும் ஒன்றாகச் சேர்த்தார். பாதிக்கப்படுகிறவர் பக்கத்தவராக இருந்தால் கண் திறக்கிறது. நான் கில்லிகன் பக்கம். ரெஸ்ட் சொன்ன முதல் வேலையை, அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று காண்பதை, வகுப்பு முழுவதற்கும் செய்துகொடுத்தவள் அவள்தான். அவள் பேசியபிறகு யாரும் அபராதத்தைப் பத்தால் பிரிக்கவில்லை.

ஆனால் அண்மைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையின் வலியையும் இந்த மாவட்டம் அனுபவித்திருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பின் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் அதன்பின் வேகம் பிடித்தது. 2018, 2019இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்காக வீதியில் இருந்தார்கள். கொழும்பிலிருந்து கணக்குப் பார்த்தால் அங்கே இலட்சக்கணக்கான ஆட்கள், இங்கே சிலர். கணக்கு சரியாகத்தான் வரும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் வந்தபோதும் நாடு அப்படித்தான் கணக்குப் பார்த்தது. மின்சாரம் எல்லாருக்கும், சாம்பல் இங்கே. கொழும்பில் கணக்குப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அருவக்காட்டில் ஒரு மாமா இருந்திருப்பார்?

அன்றைய வகுப்பில் நேரம் முடியப்போகும்போது இதைத்தான் கேட்டேன். கரும்பலகையில் கால்வாயை இன்னும் கொஞ்சம் நீட்டி, மாமாவின் குளத்துக்கு அப்பால் ஒரு புள்ளி வைத்தேன். "இவரை உங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் தெரியாது, பெயர் தெரியாது, வேறு மொழி பேசுகிறவராகவும் இருக்கலாம். இவருக்கு என்ன?"

முதல் நாள் கணக்குக்குச் சரியான விடை சொன்ன பையன் கொஞ்சநேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அவரு சங்கத்துல இருக்கிறாரா சேர்?"